வலிக்காத நாள்

வலிக்காதபோது அவன் போகமாட்டான். வலிக்கும்போது டாக்டரம்மா வெட்டமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் தலையில் கட்டி வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அவன் காய்கறி மண்டியில் மூட்டை சுமப்பவன். தலையில் மூன்று கட்டிகள். உச்சியில் எலுமிச்சை அளவுக்கு ஒன்று, அதற்குப் பின்னால் கோலிக்குண்டு அளவில் ஒன்று, வலது காதுக்கு மேலே பட்டாணி அளவில் ஒன்று. முடி அடர்த்தியாக இருந்த வயதில் வெளியே தெரியவில்லை. நாற்பதைத் தாண்டி முடி கொட்டத் தொடங்கியதும் மூன்றும் எட்டிப் பார்த்தன. மண்டியில் யாரோ மேட்டுத்தலை என்று கூப்பிட, அதுவே பேராக நின்றுவிட்டது. அவனுக்கு அதில் கோபம் கிடையாது. "பேர் வச்சவன் சோறு வைக்காட்டியும் ஒரு டீயாவது வாங்கிக் குடுப்பான்ல" என்பான்.

அவளுக்கு வேலை மண்டிக்கு எதிர்ச்சாரியில், சாக்குக் கடையில். கிழிந்து வரும் கோணிகளை உதறி, ஓட்டைக்கு ஒட்டுப் போட்டு, சணலால் தைக்க வேண்டும். உதறும்போது பறக்கும் தூசியில் மூக்கு எப்போதும் அடைத்தே இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் லாரிகள் நிற்கும் இடமும், தரையிலிருந்து லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையும், அதில் ஏறி இறங்கும் தலைகளும் தெரியும். அத்தனை பேரில் தன் புருஷன் தலை எது என்று அவள் தேட வேண்டியதில்லை.

கட்டியை முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தலை துவட்டிவிடும்போது விரலில் மிளகு போல ஒன்று தட்டுப்பட்டது. இது என்ன என்று கேட்டாள். "கொசு கடிச்சிருக்கும்" என்றான். அந்தக் கொசுக்கடிதான் வளர்ந்து எலுமிச்சை ஆனது.

காட்டிவிட்டு வரலாம் என்று அவள் கூப்பிடாத மாதம் இல்லை. மழைக்காலத்தில் கூப்பிட்டால் புண் நனையும் என்பான். வெயில் காலத்தில் வியர்வையில் சீழ் வைக்கும் என்பான். பனியில் சீக்கிரம் ஆறாது என்பான்.

"வருஷத்துக்கு இருக்கிறதே மூணு காலம். மூணும் ஆகாதுன்னா நாலாவது காலத்தை நான் எந்தக் கடையில போய் வாங்கிட்டு வர்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு இப்ப அவசரம்? அது பாட்டுக்கு அது இருக்கு. உன்ன ஏதாவது பண்ணுச்சா?"

"பக்கத்துல படுக்கிறவளுக்குத்தானே தெரியும். தலையணையில நீங்க சாஞ்சு, நிமிந்து, குப்புறப் படுத்து, ராத்திரி பூரா கோழி முட்டை மேல உக்கார்ற மாதிரி உக்காந்து எந்திரிக்கிறீங்க."

"கோழி மாதிரியா?" என்று அவன் சிரித்தான். அதோடு அந்த மாதம் போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாள். பின் தெருவில் சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, வெளியே ஒரு பெஞ்சு, மேலே கிறீச்சிடும் மின்விசிறி. டாக்டரம்மா மூன்று கட்டிகளையும் விரலால் அசைத்துப் பார்த்தார்.

"பயப்படுற மாதிரி தெரியல. தோலுக்கு அடியில சின்னப் பை மாதிரி இருக்கு. உள்ள மாவு மாதிரி அடைச்சிருக்கு. ஆனா நீங்க தலையில சுமை வைக்கிறவர். அழுத்தம் பட்டுப் பட்டு ஒருநாள் பழுக்கும். இப்ப அமைதியா இருக்கிறப்பவே எடுத்துட்டா ஒரு மணி நேர வேலை. நாலு வாரம் தலையில எதுவும் ஏத்தக்கூடாது, அவ்வளவுதான்."

"இப்ப வலிக்கலையேம்மா" என்றான்.

"வலிக்காதப்பதான் எடுக்கணும்."

"வலிக்காததை எதுக்கும்மா எடுக்கணும்?"

டாக்டரம்மா அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இந்த ஆளோடு எப்படிம்மா காலம் தள்ளுகிறாய் என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. அவளும் பதிலுக்குப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் அவன் கணக்காகச் சொன்னான். "நாலு வாரம் நான் வீட்டுல உக்காந்தா என் இடத்துல வேற தலை வந்துடும். மேஸ்திரி விடமாட்டார்." அன்றிலிருந்து மழை, வெயில், பனியோடு மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார்.

டாக்டரம்மா சொன்னது போலவே போன வருஷம் உச்சிக் கட்டி பழுத்தது. தொட்டால் சுடும், சிவந்து பளபளவென்று நின்றது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நாலாம் நாள் தானாகவே ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவள் கோணியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினாள்.

"வெட்டிடுங்கம்மா. இப்பவே வெட்டுங்க. தாங்க முடியல."

"இப்ப வெட்ட முடியாது" என்றார் டாக்டரம்மா.

"ஏன்மா?"

"உள்ள இருக்கிற பையை முழுசா எடுக்கணும். இப்ப பழுத்துக் கொழகொழன்னு இருக்கு. இழுத்தா கந்தல் துணி மாதிரி பிஞ்சு பிஞ்சு வரும். கொஞ்சம் உள்ள நின்னாலும் திரும்ப வளரும். மாத்திரை தர்றேன். வீக்கம் வடிஞ்சு, ஆறு வாரம் கழிச்சு, வலி இல்லாதப்ப வாங்க."

மாத்திரையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கியவன் அந்த வலியிலும் வெற்றி பெற்றவன் போல அவளைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டியா? டாக்டரே வேணாம்னுட்டாங்க."

அவள் அன்றைக்கு அவனோடு பேசவே இல்லை. பேசினால் தெரு கூடிவிடும் என்று பயந்தாள்.

ஆறு வாரத்தில் வலி போயிற்று. வலியோடு சேர்ந்து ஞாபகமும் போயிற்று. அப்போது வெங்காய வரத்து. விடிந்ததிலிருந்து லாரி மேல் லாரி. அது முடிந்து உருளைக்கிழங்கு. "வரத்துக் காலத்துல போய் எவனாவது படுப்பானா?" என்றான். வரத்து குறைந்ததும் கேட்டாள். "வேலையே இல்லாதப்ப படுத்தா, வேலை வர்றப்ப எவன் கூப்பிடுவான்?" என்றான். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். செவிடனுக்காவது காது கேட்காது, இவன் கேட்டுவிட்டு அல்லவா பதிலும் சொல்கிறான் என்று சாக்குக் கடைக்காரியிடம் அவள் புலம்பினாள்.

அவளுடைய தம்பியும் அதே மேஸ்திரியின் சுமைக் கூட்டத்தில்தான் சுமந்தான். அவனை மண்டிக்குக் கூட்டிவந்து, கழுத்தை எப்படி நிமிர்த்துவது, முழங்காலை எங்கே மடிப்பது என்று சொல்லிக்கொடுத்தவன் மேட்டுத்தலைதான். எட்டு வருஷமாக மாமனும் மச்சானும் ஒரே ஜோடி. ஒருவன் மூட்டையை இறக்க, இன்னொருவன் வாங்குவான்.

இந்த வருஷம் மழை தொடங்கிய வாரத்தில் கோலிக்குண்டுக் கட்டி பழுத்தது. இந்த முறை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் பேசும் பேச்சு வலியைவிடப் பெரிது என்று நினைத்தானாம். துண்டைச் சுருட்டி வைக்கும் சும்மாட்டைப் பின்பக்கம் படாமல் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுமந்தான். மூன்றாம் நாள் காலை, பலகை நனைந்திருந்தது. உருளைக்கிழங்கு மூட்டையோடு பாதிப் பலகை இறங்கியவனுக்கு, மூட்டை சரிந்து கட்டியின் மேல் உட்கார்ந்தது. கண்ணில் பூச்சி பறந்தது. தலையைச் சட்டென்று ஒருபக்கம் சாய்த்துவிட்டான். கீழே வாங்க நின்ற மச்சானின் வலது பாதத்தின் மேல் மூட்டை விழுந்தது.

சாக்குக் கடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஊசியை எங்கே போட்டாள் என்று தெரியாது. ஓடிப் போனபோது தம்பி தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். புருஷன் பலகையின் மேலேயே நின்றான், இறங்கக்கூடத் தோன்றாமல்.

பாதத்தில் இரண்டு எலும்பு விரிசல். முழங்கால் வரை மாவுக்கட்டு, இரண்டு மாதம் ஊன்றக்கூடாது. தம்பிக்குக் கட்டுப் போட்டு முடித்த கையோடு, புருஷனைப் பின் தெருவுக்கு இழுத்துப்போனாள். டாக்டரம்மா சீழைக் கீறி எடுத்தார். அவன் ஒரு சத்தம் போடவில்லை. டாக்டரம்மாதான் போட்டார்.

"எத்தனை தடவை சொல்றது? இதையும் இப்ப முழுசா எடுக்க முடியாது. ஆறு வாரம். ஆறாவது வாரம் நீங்க வரலைன்னா அடுத்த தடவை வேற டாக்டரைப் பாத்துக்கோங்க."

"வந்துடுறேம்மா" என்றான். அப்படி அவன் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நம்பினாள்.

தம்பி தனி ஆள், சமைத்துப்போட யாருமில்லை. ஆகவே அவனையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே அறையில் சுவரோரமாகப் பாய் போட்டு, காலுக்கு அரிசி டப்பாவை முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்தாள். மழை விடாமல் பெய்தது. துவைத்த துணியெல்லாம் கொடியில் தொங்கி அறைக்குள்ளேயே வாடை அடித்தது. அவள் விடிவதற்குள் சோறு வடித்து, கீரையைக் கடைந்து, தம்பிக்குத் தட்டில் மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். தம்பி உட்கார்ந்த இடத்தில் பூண்டு உரித்தான், கீரை ஆய்ந்தான், அடுப்பு எட்டும் தூரத்துக்குத் தவழ்ந்துபோய்ப் பாலையும் பொங்கவிட்டான். புருஷன் மச்சானைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போனான், குளிப்பாட்டினான். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான்.

ஆறு வாரம் முடிந்தது. வீக்கம் வடிந்து, கட்டி பழையபடி உருண்டையாக நின்றது. அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப நாளைக்குப் போறோம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "மாப்ள படுத்திருக்கான். நானும் படுத்தா கூட்டத்துல ரெண்டு தலை குறையும். மேஸ்திரி ஒத்துக்கமாட்டார். மாப்ள எந்திரிச்சதும் போலாம்."

அவள் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் மெல்ல வைத்தாள். அவ்வளவு மெதுவாக அவள் எதையும் வைத்ததில்லை. தம்பி பூண்டை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான்.

மறுநாள் காலை அவள் கோணி தைக்க உட்காரவில்லை. நேரே மேஸ்திரியிடம் போனாள். மேஸ்திரி எடைத் தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, நனைந்த செருப்பைக் காய வைத்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, எங்க வீட்டுக்காரருக்கு நாலு வாரம் லீவு வேணும். தலைக் கட்டி எடுக்கணும். நீங்க விடமாட்டேங்கிறீங்கன்னு சொல்றார். நானே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

மேஸ்திரி நிமிர்ந்தார். "நான் விடமாட்டேன்னு யார் சொன்னா?"

"அவர்தான்."

"எப்ப?"

"ரெண்டு வருஷமா."

மேஸ்திரி ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடியே யோசித்தார். "ஏம்மா, அவன் என்கிட்ட கேக்கவே இல்லையே. நானா ரெண்டு தடவை சொன்னேன், போய் எடுத்துட்டு வாடா, உன் இடம் எங்கயும் ஓடிடாதுன்னு. இருபத்திரண்டு வருஷமா என்கிட்ட சுமக்கிறான், இப்ப கூட்டத்துக்கே முதல் தலை அவன்தான். அவனை விட்டுட்டு நான் வேற யாரை வச்சு ஓட்டுறது? என் பேரைச் சொல்லியா தள்ளிக்கிட்டு இருக்கான்?"

"உங்க பேர் மட்டும் இல்ல மேஸ்திரி. மழை, வெயில், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லார் பேரையும் சொல்லிட்டார்."

"நாளைக்கே கூட்டிட்டுப் போம்மா" என்றார் மேஸ்திரி. "இல்லைன்னா நானே தூக்கிட்டு வர்றேன்."

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குள் நுழைந்து துண்டை உதறியபோது அவள் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். பேச்சை அவள் கத்தித் தொடங்கவில்லை.

"மேஸ்திரியைப் பாத்தேன்."

அவன் துண்டை மடித்தான். பிறகு பிரித்தான்.

"ரெண்டு தடவை அவரே போகச் சொன்னாராம். எதுக்குப் பொய் சொன்னீங்க? ஊசிக்குப் பயமா?"

"ஊசியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"கத்திக்குப் பயமா? செத்துடுவோம்னு பயமா? என்னன்னு சொல்லித் தொலைங்க. ஒன்பது வருஷமா நான் ஒருத்தி நாய் மாதிரி கத்திக்கிட்டு இருக்கேன். என் தம்பி காலு போச்சு. இன்னும் என்ன போகணும்?"

"அக்கா, விடு" என்றான் தம்பி.

"நீ பேசாத. உரிக்கிற வேலையைப் பாரு."

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். மச்சானின் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிற நிலைமையிலயா நான் இருக்கேன்?"

"முன்னாடி ஒரு கட்டி, பின்னாடி ஒரு கட்டி. நடுவுல ஒரு பள்ளம். மூட்டை அதுல வந்து உக்காரும். பொட்டியில மூடி உக்கார்ற மாதிரி உக்காரும். அசையாது. மண்டியில எல்லாரும் ஒரு கையைத் தூக்கி மூட்டையைப் புடிச்சுக்கிட்டுத்தான் பலகை ஏறுறான். நான் ரெண்டு கையையும் வீசிக்கிட்டு ஏறுறேன். அதனாலதான் முதல் தலை. கட்டியை எடுத்துட்டா தலை மொழுக்குன்னு ஆயிடும். அப்புறம் எனக்குச் சுமக்க வரலைன்னா?"

அவள் நகர்ந்து அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கட்டி வந்து ஒன்பது வருஷம்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம் எதுல சுமந்தீங்க? முழங்கால்லயா?"

"அப்ப நானும் கை வச்சுத்தான் புடிச்சேன்."

"இவ்வளவுதானா?"

"உனக்கு இவ்வளவுதான்."

தம்பி பூண்டுத் தோலை ஊதித் தள்ளினான். "மாமா, ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மூட்டை விழுந்தது கட்டி இல்லாததாலயா, இருந்ததாலயா?"

அவன் ஆறு வாரத்தில் முதல்முறையாக மச்சானின் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "வலிக்குதாடா?" என்று கேட்டான்.

"மழைக்குக் கொஞ்சம் குடையுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டே, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றான்.

"விடிஞ்சதும்" என்றாள். காலையில் அவன் மனசு மாறிவிடும் என்ற பயத்தில், துண்டையும் செருப்பையும் எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தாள்.

மனசு மாறவில்லை. டாக்டரம்மாவே வியந்தார், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. தலையைச் சிரைத்து, மருந்து தடவி, மூன்று இடத்திலும் மரத்துப்போக ஊசி போட்டார். அவள் வெளியே போகமாட்டேன் என்றுவிட்டாள். முகத்துக்கு ஒரு துணி கட்டி ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

உச்சிக் கட்டியை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. முன்பு பழுத்த இடம், ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டாவதையும் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. காதுக்கு மேலே இருந்தது மட்டும் உரித்த பட்டாணி போல முழுசாக வந்து தட்டில் விழுந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக, வழவழவென்று, ஒரு பாவமும் அறியாதது போலக் கிடந்தது. இதற்காகவா இத்தனை சண்டை என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யாரோடு சண்டை போடுவது என்று தெரியவில்லை.

டாக்டரம்மா தைக்கத் தொடங்கினார். அவள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சாம்மா போடுவீங்க?"

"ஆமா. ஒண்ணு விட்டாலும் மத்தது நிக்கும்."

"நாங்க ஒரே ஓட்டமா ஓட்டிடுவோம்."

"கோணி பேசாது. தலை பேசும்" என்றார் டாக்டரம்மா.

அவன் மேல் போர்த்தியிருந்த துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "இன்னும் எத்தனை தையல் இருக்கு?"

"பேசாம இருங்க" என்று இரண்டு பெண்களும் சேர்ந்தே சொன்னார்கள்.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் கெடுதல் ஒன்றுமில்லை என்று வந்தது. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். நாலு வாரமும் மாமனும் மச்சானும் ஒரே அறையில் கிடந்தார்கள். ஒருவனுக்குக் கால், ஒருவனுக்குத் தலை. அவள் வேலைக்குப் போய்த் திரும்பினால் இருவரும் சேர்ந்து எதையாவது வேக வைத்துக் கருக்கி வைத்திருப்பார்கள். பேச்சு மட்டும் பழையபடி ஆகிவிட்டது. தம்பியின் மாவுக்கட்டைப் பிரித்த அன்று, மெலிந்துபோன அந்தக் காலை மாமன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, திட்டலாம் என்று வந்தவள் திட்டாமல் அடுப்படிக்குப் போனாள்.

ஐந்தாவது வாரம் அவன் மண்டிக்குப் போனான். மழை விட்டு வெயில் அடித்தது. மேஸ்திரி முதலில் முட்டைக்கோசு மூட்டையைத்தான் கொடுத்தார். இலேசான சுமை. அதைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். அடுத்தது உருளைக்கிழங்கு. இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். அவள் கோணியை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலகையில் நாலாவது அடியில் மூட்டை இடப்பக்கம் ஆடியது. அவன் நின்றான். அவனுடைய வலது கை எழுந்து மூட்டையைப் பிடித்தது. பிடித்தபடியே ஏறினான். மேலே யாரோ சீட்டியடித்தார்கள். மேட்டுத்தலை கை வைத்துப் பிடித்ததை மண்டியின் இளவட்டப் பையன்கள் யாரும் பார்த்ததில்லை.

நாலைந்து மூட்டைக்குப் பிறகு தெருவைத் தாண்டி நேரே சாக்குக் கடைக்கு வந்தான். வியர்வை தழும்புகளின் மேல் வழிந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நான் சொன்னேன்ல?"

மூட்டை ஆடியதை அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"ஆமா" என்றாள். "நீங்க சொன்னது சரிதான்."

சண்டைக்குத் தயாராக வந்தவனுக்கு இது எதிர்பாராததாக இருந்தது. "சரின்னா? இப்ப நான் என்ன பண்றது?"

"எல்லாரையும் போல கை வச்சுப் புடிங்க."

"எல்லாரையும் போலயா?"

"எல்லாரையும் போலத்தான். தலை வலிக்குதா?"

அவன் யோசித்தான். விரலை எடுத்து உச்சியில் வைத்தான். அழுத்தினான். பின்பக்கமும் அழுத்தினான்.

"இல்ல" என்றான்.

"அப்ப போங்க. லாரி நிக்குது."

ஏதோ முனகிக்கொண்டே அவன் தெருவைத் தாண்டினான். முனகியது அவளுக்குக் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. மூட்டையை வைத்தார்கள். பலகையின் அடியிலேயே, ஆடுவதற்கு முன்பே, அவன் கையைத் தூக்கி மூட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் மேலே போய் இறக்கும் வரை பார்த்திருந்துவிட்டு, அவள் நூலின் நுனியை வாயில் ஈரப்படுத்தி ஊசியில் கோத்தாள்.